எரியாமல் போன சிவப்பு விளக்கு

தேனியில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் இப்போது என் இடத்தில் இருப்பவர் பாண்டி. போன மாதம் போன் செய்தார். வாடிக்கையாளர்கள் உட்காரும் அறையில் ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். "பிரேக் ஆயில் லைட் எரிஞ்சா என்ன செய்யணும்னு நாலு வரி சொல்லுங்கண்ணே, எழுதிப்புடுறோம்" என்றார். சொன்னேன். வண்டியை ஓரமாக, சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெடலை அழுத்திப் பாருங்கள். பொதுக்கென்று உள்ளே போனால் அங்கிருந்து ஓட்டாதீர்கள். நீங்களாக ஆயில் ஊற்றி விளக்கை அணைக்காதீர்கள்.

"அம்புட்டுத்தானாண்ணே?" என்றார்.

அம்புட்டுத்தான். ஆனால் அந்தக் கடைசி வரி என் வாயில் வருவதற்கு என்ன நடந்தது என்று பாண்டிக்குத் தெரியாது. பலகையில் அதற்கு இடமும் கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது கம்பத்தில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் நிற்கும் ஷெட்டில். அந்த இருபது வருடத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கிரீஸ், டிரம், லைனிங், மறுபடியும் கிரீஸ். தொண்ணூற்றாறில் தேனிக்கு வந்து கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்து நாலு. ஜீப்பைப் பார்த்தவனுக்குக் காரெல்லாம் பொம்மை என்ற நினைப்பு அப்போது எனக்கு இருந்தது.

அந்த ஜீப்புகளில் நாலு சக்கரத்திலும் டிரம்தான், உள்ளே லைனிங் விரிந்து உரசிப் பிடிக்கிற பழைய வகை பிரேக். லைனிங் தேய்ந்தால் நாங்களே அட்ஜஸ்ட்மென்டைத் திருகி அதைக் கிட்டக் கொண்டுவருவோம். அதனால் மேலே டப்பாவில் இருக்கும் பிரேக் ஆயில் தேய்மானத்தால் பெரிதாக இறங்காது. இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவு இல்லையென்றால் கொஞ்சம் ஊற்றி நிறைத்து வைப்பதில் தப்பில்லை. காரில் கதை வேறு. முன் சக்கரத்தில் டிஸ்க், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகர்ந்துகொண்டே வரும். அது விட்ட இடத்தை ஆயில் போய் நிரப்பும். டப்பாவில் அளவு மெல்ல மெல்ல இறங்கி, கீழ்க் கோட்டைத் தாண்டும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சை வைத்தால் எழுதியிருப்பேன். கைக்குத்தான் தெரியவில்லை, அது இன்னும் ஜீப் ஷெட்டிலேயே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்து ஆட்கள் வண்டியை எடுக்க வரும்போது பானட்டைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு டப்பாவாகக் குனிந்து பார்ப்பார்கள். எல்லாம் மேல் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும். ஒரு விரல் குறைந்தால், "சர்வீஸ் பண்ணீகளா, கழுவி மட்டும் விட்டீகளா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். மல்லித்தழையும் கறிவேப்பிலையும் கொசுறு வாங்காமல் காய்கறிக் கடையை விட்டு நகராத ஊர். அதனால் கேட்கும் முன்பே நாங்கள் நிறைத்துவிடுவோம். வண்டி கழுவி முடிந்ததும் கடைசி வேலை அதுதான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை.

எங்கள் போர்மேன் சுந்தரராசு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சட்டைப் பையில் ஒரு சிறிய டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பது போல் நீளக் காம்பு வைத்த கண்ணாடியும் எப்போதும் இருக்கும். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஓட்டுநர் இருக்கையில் ஒரு நிமிடம் சும்மா உட்காருவார். எதையும் தொடமாட்டார். பிறகுதான் பெடல், பிறகு சாவி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் எங்களுக்கு "ஏலே". கோபம் வந்துவிட்டால் "நீங்க, வாங்க, போங்க". அவர் வாயில் மரியாதை வந்தால் ஒர்க்‌ஷாப்பே அமைதியாகிவிடும்.

விளக்கு எரிந்து வரும் வண்டியை அவர் பார்க்கும் விதத்தை ஒரு தடவை சொல்ல வேண்டும். வடுகபட்டியிலிருந்து ஒரு பூண்டு வியாபாரி வந்தார். இரண்டு நாளாக விளக்கு எரிகிறது. ஹேண்ட் பிரேக் சரியாக இறங்கவில்லை என்று நினைத்து அதைத் தூக்கித் தூக்கி இறக்கியிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே விளக்குதானே. "ஒரு சொட்டு ஊத்தி விடுங்க, சந்தைக்குப் போகணும்" என்று அவசரப்படுத்தினார். நான் ஆயில் டின்னை எடுத்துவிட்டேன். சுந்தரராசு என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தார்.

முதலில் துணியால் டப்பாவின் மூடியையும் சுற்றுப்புறத்தையும் துடைத்தார். திறக்கும்போது ஒரு துளி மண்கூட உள்ளே விழக்கூடாது. அளவைப் பார்த்தார், மூடியை உடனே மூடினார். பெடலை அழுத்தி, காலை எடுக்காமல் மனதுக்குள் முப்பது எண்ணினார். பெடல் மெல்ல இறங்கியது. பிறகு கண்ணாடியைக் காம்போடு சக்கரத்துக்குப் பின்னால் விட்டு, டார்ச் அடித்து, நாலு சக்கரத்தின் உட்பக்கமும் பார்த்தார். பின் இடது சக்கரத்தில் ஈரம். விரலால் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். டிரம்மைக் கழற்றினால் உள்ளே வீல் சிலிண்டர் கசிந்து லைனிங்கெல்லாம் ஊறிக் கிடந்தது.

"லைட்ட அமத்துறதுக்கு நாம எதுக்குலே? ஒயரப் புடுங்குனாலும்தான் அமந்துரும். ஏன் எரிஞ்சதுன்னு பாக்கத்தான நமக்கு வேல" என்றார் என்னிடம்.

அன்றிலிருந்து விளக்கு எரிந்து வந்த எந்த வண்டிக்கும் சக்கரம் பார்க்காமல் நான் ஆயில் ஊற்றியதில்லை. விளக்கு எரியாமல் சாதாரண சர்வீசுக்கு வந்த வண்டிகளுக்கு மட்டும் பழையபடி ஊற்றினேன். அவர் சொன்னது எரிகிற விளக்குக்குத்தானே என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான காது பாருங்கள்.

மகேஸ்வரி மார்க்கையன்கோட்டையிலிருந்து வருவாள். வாழையும் நெல்லும் போடுகிற குடும்பம். கணவன் கோயம்புத்தூரில் வேலை. மாமனார் முத்தையாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கார் சும்மா நிற்க, அவர்தான் மருமகளைப் பிடிவாதமாக ஓட்டக் கற்க வைத்தார். சர்வீசுக்கு அவள் ஓட்டி வருவாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ரிவர்ஸ்ல என்னமா எடுக்குறா பாத்தீகளா?" என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லுவார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சாவியை என் கையில் கொடுப்பாள்.

ஒரு தடவை வண்டியை எடுக்கும்போது டேஷ்போர்டைக் காட்டி, "அண்ணே, இந்தச் செவப்பு லைட்டு எதுக்குண்ணே?" என்று கேட்டாள். சாவி போட்டதும் எரிந்து அணைகிறதே, அதைத்தான் கேட்டாள். எங்கள் வாடிக்கையாளர்களில் ஆண்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

"பிரேக்குல கொறை இருந்தா அது எரியும்மா. எரியலேன்னா தைரியமா ஓட்டுங்க" என்றேன்.

அடுத்து அவள் வந்தது சித்திரையில். வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னால் மாவட்டத்து வண்டி முழுக்க எங்கள் வாசலில் நிற்கிற நேரம். அவளுடையது சின்ன சர்வீஸ். என்ஜின் ஆயில் மாற்றுவது, கழுவுவது, மேலோட்டமாகப் பார்ப்பது. சக்கரம் கழற்றுவது அதில் கிடையாது, அடுத்த சர்வீசில்தான். பானட்டைத் திறந்தபோது பிரேக் ஆயில் கீழ்க் கோட்டுக்கு ஒரு நெல் உயரம்தான் மேலே நின்றது. விளக்கு எரியவில்லை. நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் குனிந்து பார்த்தேன், ஈரம் இல்லை. கசிவு இல்லை என்ற நிம்மதியில் மேல் கோடு வரை ஊற்றினேன். ஜாப் கார்டில் 'பிரேக் ஆயில் நிறைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்தையா குனிந்து டப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் ஊற்றாமல் விட்டிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் அந்த விளக்கு எரிந்திருக்கும்.

ஆவணியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காகக் குமுளிக்கு மேலே போய்விட்டு, பிற்பகலில் மலைப்பாதையில் இறங்கியிருக்கிறார்கள். மகேஸ்வரி ஓட்டினாள். முன்னால் மாமனார், பின்னால் மாமியாரும் அவளுடைய மகளும். லோயர் கேம்ப் எட்டுவதற்கு முன் பெடல் அடிவரை போய்விட்டது. ஒரு பக்கம் பள்ளம். அவள் ஸ்டியரிங்கை மலைப் பக்கம் திருப்பி, ரோட்டோர ஓடையில் சக்கரத்தை இறக்கிப் பாறையில் உரசி நிறுத்தினாள். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. முத்தையாவுக்கு இடது முழங்கால் நொறுங்கியது.

விபத்தைப் பார்க்க வந்த ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் மறுநாள் பெடலை அழுத்திப் பார்த்தார். கெட்டியாக நின்றது. பிரேக் நன்றாக இருக்கிறது, ஓட்டியவர் பதறிவிட்டார் என்று முடித்துவிட்டார். ஊருக்கு அது போதாதா? பொம்பள கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்ற பேச்சு, நொறுங்கிய வண்டி தேனிக்கு வந்து சேரும் முன்பே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. நானும் அதைக் கேட்டு "உச்" கொட்டினேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

இழுத்து வந்த வண்டியில் சுந்தரராசு வழக்கம்போல முதலில் உட்கார்ந்தார். இடது கதவு உள்ளே மடங்கிக் கிடந்தது. கண்ணாடித் தூளைத் துணியால் தள்ளிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தார். பெடலை அழுத்தி முப்பது எண்ணினார். இறங்கவில்லை. வெளியே வந்து முன் வலது சக்கரத்தைக் கழற்றச் சொன்னார்.

டிஸ்க் உழுத நிலம் மாதிரி கோடு கோடாகக் கிடந்தது. சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பேட்டை வெளியே எடுத்தார். பேட் இல்லை, பின்னால் இருக்கும் இரும்புத் தகடுதான் இருந்தது. இரும்பும் இரும்பும் உரசி அந்த இறக்கத்தில் ஏறிய சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் காற்றை மிதித்திருக்கிறது. ஆறியதும் ஆவி அடங்கிப் பெடல் மறுபடி கெட்டியாகிவிட்டது. அதைத்தான் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

பிறகு பானட்டுக்குப் போனார். மூடியைத் துடைத்தார். டப்பாவுக்கு டார்ச் அடித்தார். வெகுநேரம் அடித்துக்கொண்டே நின்றார்.

"பேட்டு ஒண்ணுமே இல்ல. ஆயில் மட்டும் மேல் கோட்டுக்குக் கொஞ்சந்தான் கீழ நிக்குது" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, டப்பாவிடம் சொன்னார். அலமாரியிலிருந்து பழைய ஜாப் கார்டை எடுத்துவரச் சொன்னார். படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"செல்வம், நீங்கதான் ஊத்துனீகளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. அந்த இரண்டு தகடுகளையும் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். "இது ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். முதலாளி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நாமாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம், அவர்களே கேட்கட்டும் என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. பொட்டலத்தை என் டூல் பாக்சின் அடியில் வைத்தேன். ஸ்பேனர் எடுக்கும்போதெல்லாம் அது கையில் பட்டது.

வண்டி தயாராகக் கார்த்திகை ஆகிவிட்டது. எடுக்க மகேஸ்வரியின் கணவன் வந்தான், கூட ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு. "இனிமே அவள ஸ்டியரிங்கத் தொட விடமாட்டேன். எங்கப்பாவ நொண்டியாக்கிட்டா. எங்கம்மா அவகூடப் பேசியே மூணு மாசம் ஆச்சு. வண்டிய வித்துப்புடலாம்னு இருக்கோம்" என்றான். அவன் முரடன் இல்லை. அப்பாவை நினைத்து அவன் கண் கலங்கியிருந்தது. நான் சாவியைக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. வண்டி வாசலைத் தாண்டிப் போனதும் சுந்தரராசு, "நீங்க சாப்புடப் போங்க" என்றார். மூன்று மாதமாக எனக்கு நீங்கதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சின்னமனூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மார்க்கையன்கோட்டைக்குப் போனேன்.

முத்தையா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். "வாங்க, வாங்க. ஆத்தா, ஒர்க்‌ஷாப்பு அண்ணன் வந்திருக்காக" என்று உள்ளே இருந்த மருமகளுக்குக் குரல் கொடுத்தார். மகேஸ்வரி தண்ணீர் கொண்டுவந்தாள். இளைத்திருந்தாள். அவளுடைய மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

செம்பை வாங்காமல் பொட்டலத்தைப் பிரித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "ஐயா, பிள்ள மேல தப்பு இல்ல. எம்மேலதான் தப்பு" என்றேன். தகடு எது, பேட் எங்கே இருந்திருக்க வேண்டும், ஆயில் ஏன் இறங்கியது, நான் ஏன் ஊற்றினேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

முத்தையா தகட்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க ஊத்தாம இருந்திருந்தா லைட்டு எரிஞ்சிருக்குமாய்யா?"

"எரிஞ்சிருக்கும்யா."

மாமியாரின் கை கீரையில் நின்றுவிட்டது.

மகேஸ்வரி அழவில்லை. "போறதுக்கு நாலு நாள் முன்னாடியே கறகறன்னு சத்தம் வந்துச்சுண்ணே. இவுக மகனுக்குப் போன்ல சொன்னேன். லைட்டு எரியுதான்னு கேட்டாக. எரியலேன்னேன். அப்பச் சக்கரத்துல மண்ணுகிண்ணு ஏறியிருக்கும்னாக. எனக்கும் நீங்க சொன்னது நெனப்புல இருந்துச்சு. எரியலேன்னா தைரியமா ஓட்டுன்னு சொன்னீகள்ல, அத நம்பித்தான் எறங்குனேன்."

அவள் உள்ளே போய்ப் போனை எடுத்துவந்தாள். எண்ணை அழுத்தி, மறுபக்கம் எடுக்கிற வரை காதில் வைத்திருந்து, பிறகு என் முன்னால் நீட்டினாள்.

"எனக்குத் தெரிஞ்சதுதானண்ணே இது. பிரேக்கு பிடிக்கலன்னு நான் அன்னைக்கே சொன்னேன். அவுககிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். வாசலில் நின்றுகொண்டு, மூன்று பேரும் கேட்க, இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தினான். அப்பாவின் காலுக்கு என்ன பதில் என்று கேட்டான். ஏன் அன்றைக்குச் சாவியைக் கொடுக்கும்போது சொல்லவில்லை என்று கேட்டான். முதல் கேள்விக்காவது மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. நான் போனைத் திருப்பிக் கொடுத்தபோது முத்தையா, "பள்ளத்துப் பக்கம் போகாமப் பாறையில கொண்டுபோய்ச் சேத்தா பாத்தீகளா?" என்றார். என்னிடம் சொல்வது போல் இருந்தாலும் அதை அவர் தன் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார். மன்னித்தோம் என்று யாரும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்துப் போகவும் இல்லை என்று எழுத ஆசை, எதிர்பார்த்துத்தான் போனேன்.

மறுநாள் சுந்தரராசுவிடம் போய்விட்டு வந்ததைச் சொன்னேன். "சரி, போய் வேலையப் பாருங்க" என்றார். அந்த வாரம் முதலாளியின் அறையில் அவர்கள் இருவருக்கும் என்ன பேச்சு நடந்ததோ தெரியாது. ஜாப் கார்டில் 'நிறைக்கப்பட்டது' என்ற வரி போய், 'அளவு' என்றும் 'பேட் மீதம்' என்றும் இரண்டு கட்டங்கள் வந்தன. சின்ன சர்வீசிலும் முன் சக்கரம் கழற்ற வேண்டும் என்றானது. டப்பாவில் ஆயில் குறைகிறது என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளர்களுக்கு நானே நின்று விளக்கம் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. கஞ்சன் என்று பெயர் வாங்கினேன்.

மாசி கடைசியில் ஒரு காலை. அந்தக் கார் வாசலில் திரும்பியது. ஓட்டி வந்தது மகேஸ்வரி. பக்கத்தில் முத்தையா, ஊன்றுகோலைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு. பின்னால் மாமியார், மடியில் பேத்தி. மகேஸ்வரி சாவியை நேராகச் சுந்தரராசுவிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, ஒரு கணம் யோசித்து, என் பக்கம் நீட்டினார்.

வேலையை முடித்து, சக்கரம் மாட்டி, வண்டியைக் கழுவி நிறுத்தினேன். மகேஸ்வரி தானே பானட்டைத் தூக்கிக் குனிந்து டப்பாவைப் பார்த்தாள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது.

"ஊத்தலயேண்ணே?"

"ஊத்தலம்மா."

"பேட்டு?"

"முக்காலுக்கு மேல இருக்கு. கார்டுல எழுதியிருக்கேன், பாருங்க."

அவள் கார்டைப் பார்க்கவில்லை. "காட்டுங்க" என்றாள்.

நான் ஜாக்கியை மறுபடி உருட்டிக்கொண்டு வந்தேன். மாட்டிய சக்கரத்தைக் கழற்றினேன். டார்ச்சை நான் பிடிக்க, அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். விரலை வைத்துக் கனத்தை அளந்தாள். அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் கேட்டாள். அதையும் கழற்றிக் காட்டினேன். "சரிண்ணே, மாட்டுங்க" என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிற வரை காத்திருந்து, அதன் பிறகுதான் கியர் போட்டாள்.

வண்டி பெரிய ரோட்டில் ஏறிச் சின்னமனூர்ப் பக்கம் திரும்பிப் போகும்வரை நான் வாசலிலேயே நின்றேன். கண்ணைத் துடைத்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பின்னாலிருந்து சுந்தரராசுவின் குரல் கேட்டது.

"ஏலே செல்வம், அந்த ஜாக்கிய எடுத்து ஓரமா வையி. அடுத்த வண்டி வருது."